இடது கைக்குப் பரிசு, வலது கைக்கு எச்சரிக்கை

நாற்பத்தொன்பது வயதுக்குள் நிதானத்தை மூன்று பேர் அளந்திருந்தார்கள். துணி தைக்க அல்ல, வேலை வாங்க.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எல்லோரும் ஓடுகிற இடத்தில் அவள் மட்டும் நடந்தாள். நடந்தும் எல்லோரோடும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குற்றத்துக்காக உடன் வேலை பார்த்தவர்கள் சூட்டிய பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது.

முதலில் அளந்தவர் பிஸ்கட் கம்பெனி மேஸ்திரி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நீள மேசையின் இரண்டு பக்கமும் நாற்பது பெண்கள் குனிந்து பிஸ்கட் அடுக்குவார்கள். மேஸ்திரி உயரமான முக்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையும் பெண்களின் கைகளையும் மாறி மாறிப் பார்ப்பார். பொல்லாத மனிதர். ஆனால் அவருக்கு மாவுத் தூசி ஆகாது. மணிக்கு நாலைந்து முறை தும்மல் வரும். வந்தால் ஒன்றோடு நிற்காது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு யாராலும் தும்ம முடியாது என்பது, வேலை செய்கிறவர்களுக்காக இயற்கை செய்து கொடுத்த ஏற்பாடு. அந்த நேரத்தில் நாற்பது முதுகும் ஒரே சமயத்தில் நிமிரும். அவர் கண்ணைத் திறக்கும்போது நாற்பதும் பழையபடி வளைந்திருக்கும்.

இரண்டாவதாக அளந்தது ஓர் இரும்புப் பெட்டி. டெலிபோன் டைரக்டரி அச்சிடும் ஆபீசில் பிழை திருத்தும் வேலை. காலையில் அட்டையைப் பெட்டியின் வாயில் செருகினால் ஒரு கடி. சாயங்காலம் இன்னொரு கடி. நடுவில் என்ன செய்தாய் என்று கேட்காது. நாகரிகமான பெட்டி. பதினான்கு வருஷம் ஊரார் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு எல்லோருடைய எண்ணும் எல்லோருடைய சட்டைப் பைக்குள்ளும் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை அட்டையைச் செருகினாள், பெட்டி கடிக்கவில்லை. ஆபீசை மூடிவிட்டார்கள் என்ற செய்தி அவளுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது.

மூன்றாவதாக அளந்தது காப்பு.

வீட்டில் இருந்தபடியே போனில் பொருள் வாங்குகிறவர்களில் பலர், வாங்கியதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பியது எங்கே போகிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. அது தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கூடத்துக்கு வந்தது. இருபத்தொரு மேசை, மேசைக்கு இரண்டு பேர், மொத்தம் நாற்பத்திரண்டு பேர். பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும், புரட்டிப் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். புதுசு என்று மறுபடி விற்கலாமா, பாதி விலைக்குத் தள்ளலாமா, குப்பைக்குப் போகட்டுமா என்று முடிவெடுத்து மூன்று பெட்டியில் ஒன்றில் போட வேண்டும். ஒரு கால் மட்டும் தேய்ந்த செருப்பு வரும். பாக்கெட்டில் யாரோ ஒருவருடைய சினிமா டிக்கெட்டோடு கோட்டு வரும். 'எதிர்பார்த்த அளவு தூக்கம் வரவில்லை' என்ற குறிப்போடு தலையணை வரும். ஜனங்களைப் பற்றி நிதானம் கொண்டிருந்த அபிப்பிராயங்கள் எல்லாம் இந்த மேசையில் உண்டானவைதான். அவை மோசமானவை அல்ல. "பாவம், எதையாவது திருப்பிக் குடுக்க முடியுதேன்னு குடுத்துப் பாக்கறாங்க" என்பாள்.

மணிக்கு அறுபது பொருள். அதுதான் அளவு.

அதை அளக்கத்தான் வலது மணிக்கட்டில் சாம்பல் நிற ரப்பர் பட்டை. கம்பெனி அதற்குத் 'தோழன்' என்று பெயர் வைத்திருந்தது. போலீஸ்காரர் மாட்டிவிடுவாரே, அந்த ஞாபகத்தில் தொழிலாளிகள் அதைக் காப்பு என்றார்கள். அதில் ஒரு சிவப்புக் கண் உண்டு. பொருளின் சீட்டுக்கு நேரே கொண்டுபோனால் கணக்கில் ஒன்று ஏறும். கை எத்தனை முறை அசைகிறது என்றும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். மேசையை விட்டு ஆறடி நகர்ந்தால் நடுங்கி, சுவரில் இருக்கும் திரையில் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு புள்ளி மன்னிக்கப்படும்; மூன்றாவது விழுந்தால் அரை மணிநேரச் சம்பளம் போகும். மனிதருக்கு இயற்கை உபாதை நாளுக்கு இரண்டு முறைதான் என்று தலைமை அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருந்தார். அவருடைய பாத்ரூம் அவர் அறைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். இங்கே அது கூடத்தின் மறுகோடியில், நூற்றெண்பது எட்டு தள்ளி இருந்தது.

காப்புக்குத் தும்மல் வராது. ஆகவே தொழிலாளிகள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். எழுந்து போகிறவர் காப்பைக் கழற்றிப் பக்கத்து ஆளிடம் கொடுப்பார். பக்கத்து ஆள் அதை இடது கையில் மாட்டிக்கொண்டு, தன் வேலையின் நடுவே அவருக்காகவும் நாலு பொருளைக் கணக்கில் ஏற்றுவார். இதற்குக் 'காப்பு பிடிப்பது' என்று பெயர். வேலை நியமனக் கடிதத்தின் பதினோராவது பக்கத்தில் இதே செயலுக்கு 'மோசடி' என்று பெயர். தண்டனை, உடனடி வேலை நீக்கம். பதினோராவது பக்கம் வரை யாரும் படித்ததில்லை. நிதானம் படித்திருந்தாள். பிழை திருத்திய கண்.

அவளுடைய பக்கத்து ஆளுக்குக் கூடம் வைத்த பெயர் மாப்பிள்ளை. வயது ஐம்பத்தேழு. தினமும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை, சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை. பெண் பார்க்கப் போகிறவர் போல வந்து, குப்பைக்குப் போகும் செருப்புகளை முகர்ந்து பார்ப்பார். அவருக்கு ஒரு வருஷமாகச் சிறுநீர்ப் பை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை போக வேண்டும். டாக்டர் சீட்டு கொடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் விலக்கு வாங்கியவரை 'இலகு பணி'க்கு மாற்றிச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார்கள். தவிர, விலக்கின் காரணம் திரையில் பெயருக்குப் பக்கத்தில் வரும். அதை அந்த இஸ்திரிச் சட்டை தாங்காது.

"தங்கச்சி..." என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் வார்த்தை வராது. நிதானம் நிமிர்ந்து பார்க்காமலே இடது கையை நீட்டுவாள். "போயிட்டு வாங்கண்ணே."

அவர் போய்வரும் அந்த ஆறு நிமிஷம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவளுடைய காப்பு வலது கையில். அவருடையது இடது கையில். பிரிப்பது, தூக்குவது, புரட்டுவது, உதறுவது, மடிப்பது எல்லாம் வலது கை. இடது கை பொருளைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்ததும் சிவப்புக் கண்ணைச் சீட்டுக்கு நேரே காட்டிப் பெட்டிக்குள் ஒரு தள்ளு தள்ளும். உழைப்பு வலது கைக்கு, கணக்கு இடது கைக்கு. உலகம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பதால் யாருக்கும் இது விசேஷமாகப் படவில்லை. அவளோ, இல்லாத ஆளுக்குக் குறை வைக்கக் கூடாது என்று தனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு என்று ஏற்றினாள். தன் பங்கில் விழுந்த பள்ளத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்து நிரப்பினாள்.

இதன் பலனாக அவளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. "தங்கள் வலது கை ஒரு பொருளுக்கு நாற்பத்தாறு அசைவுகளைச் செய்கிறது. இந்தக் கூடத்தில் இதுவே மிக அதிகம். தேவையற்ற அசைவுகளைத் தவிர்க்கவும்."

புருஷன் கடிதத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் படித்தார். அவர் கார் ஓட்டுகிறவர். போன் எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போவார். ஏறி இறங்குகிறவர்கள் நட்சத்திரம் கொடுப்பார்கள். அன்றைக்கு அவர் நாலு புள்ளி ஏழில் இருந்தார்.

"வீட்டுல ஒரு டம்ளர் எடுத்து வைக்கக்கூட அளந்துதான் கை நீட்டுவே. அங்க போய் இம்புட்டு ஆட்டம் ஆடறியா?" என்றார்.

"ரெண்டு பேர் வேலைங்க. ஆடித்தான் ஆகணும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்ல?"

அவர் யோசித்தார். நியாயமான கேள்வி. "அதுவும் சரிதான். முந்தி முதலாளிக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சு. திட்டணும்னா மனசுக்குள்ளயாவது அந்த மூஞ்சியப் பார்த்துத் திட்டலாம். இப்ப யாரைத் திட்டறது? போனையா? நான்தான் தவணை கட்டறேன் அதுக்கு."

இப்படி ஒரு வருஷம் போன பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

கூடத்துத் திரையில் சிவப்புப் புள்ளிகள் மறைந்து மாப்பிள்ளையின் முகம் வந்தது. கீழே எழுத்து ஓடியது. கம்பெனியின் எல்லாக் கூடங்களிலும் உள்ள எல்லாக் கைகளையும் ஒரு வருஷம் ஆராய்ந்ததில், மிகச் சிக்கனமான கை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் ஒரு பொருளுக்கு முப்பத்தோரு அசைவு செய்கிறார்கள். இந்தக் கை தினமும் சில வேளைகளில் ஆறே அசைவில் முடிக்கிறது. அந்த வேளைகளின் பட்டியலும் வந்தது: காலை ஒன்பது நாற்பது முதல் ஒன்பது நாற்பத்தாறு வரை, பத்து இருபத்தைந்து முதல் பத்து முப்பத்தொன்று வரை, இப்படியே எட்டு.

நிதானம் படித்தாள். மாப்பிள்ளையும் படித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த எட்டு வேளையிலும் மாப்பிள்ளை பாத்ரூமில் இருந்தார்.

சூப்பர்வைசர் ஓடிவந்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பரிசு வழங்கப்பட்டது. இரண்டு லிட்டர் பிடிக்கும் தண்ணீர் பாட்டில். அதன் மேல் 'நிறையக் குடியுங்கள், நலமாக உழையுங்கள்' என்று அச்சடித்திருந்தது. மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுகிற மாதிரிச் சிரித்தார். ஆனந்தக் கண்ணீர் என்று சூப்பர்வைசர் எல்லோருக்கும் விளக்கினார்.

அதோடு நிற்கவில்லை. ஆறு அசைவில் முடியும் என்று நிரூபணமாகிவிட்டதால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மணிக்கு அறுபது அல்ல, எண்பத்தைந்து. மூன்று வாரம் தொடர்ந்து எட்டாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை இரண்டு வாரம் ஒத்திகை.

"எண்பத்தஞ்சு பண்ணா சம்பளமும் ஏறுமா சார்?" என்று கேட்டாள் சுண்டெலி. முப்பது வயது, கூடத்திலேயே வேகமானவள், எழுபத்தொன்று வரை போனவள்.

"எண்ணிக்கை மெஷின் சம்பந்தப்பட்டது. சம்பளம் மனுஷன் சம்பந்தப்பட்டது. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது" என்றார் சூப்பர்வைசர். அவர் குழப்பவில்லை.

ஒத்திகை தொடங்கியது. பிரிக்காமலே பொட்டலங்களைப் பெட்டியில் போட்டார்கள். யாரோ போட்டுக் கழற்றிய காலுறை யாருக்கோ புதிதாகப் போனது. முகர்ந்து பார்க்க நேரமில்லாததால் முகர்கிற வேலை வாடிக்கையாளருக்கு மாற்றப்பட்டது. ஆறாம் நாள் சுண்டெலி மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். எழுபத்தொன்பதைத் தொட்டிருந்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க அவளால் முடியவில்லை, விரல் மடங்கவில்லை. நிதானம்தான் திறந்து கொடுத்தாள்.

"அக்கா, அந்தாளு எப்படிக்கா பண்றாரு?" என்றாள் சுண்டெலி. குரலைத் தாழ்த்தவில்லை. அடுத்த பெஞ்சில்தான் மாப்பிள்ளை இருந்தார். "ஆறு அசைவாம். கம்பெனிக்கு வால் பிடிச்சு எங்க வாயில மண்ணப் போட்டுட்டாரு. நல்லா இருக்கட்டும்."

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நிதானம் அவருக்குக் காப்பு பிடிப்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதையும் அந்த ஆறு அசைவையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆனால் சேர்த்துப் பார்க்க நேரம் வேண்டும். எண்பத்தைந்தில் நேரம் இல்லை.

சுண்டெலி போன பிறகு நிதானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, சொல்லிடலாம்."

"ஏழு மாசம் தங்கச்சி." அதற்காகவே காத்திருந்த மாதிரி சொன்னார். "ஏழு மாசம் போனா பத்து வருஷம் முடியுது. பத்து வருஷம் முடிஞ்சாத்தான் மொத்தமா ஒரு தொகை குடுப்பான். உங்க அண்ணிக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணணும். நானா கேட்டேன் இந்தப் பரிசை?"

"நீங்க கேக்கல."

"சொன்னா எனக்கு மட்டுமா போகும்? உனக்கும்தானே போகும்? பிடிச்சது நீதானே?"

"எனக்கும்தான் போகும்."

"அப்புறம் ஏம்மா?"

நிதானத்துக்குப் பதில் தெரியும்; ஆனால் அதை ஒரு கண் தெரியாத அண்ணியின் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுண்டெலியின் விரலைப் பார்த்தீர்களா என்று கேட்கலாம். நாற்பத்திரண்டு பேர் என்று சொல்லலாம். நாற்பத்திரண்டு என்று எண்ணுகிற வேலையைத்தான் காப்பும் செய்கிறது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "உங்க வாயால வந்தா வரட்டும்."

வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் எரிந்து விழுந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன் ஒரு கைக்கு மெடலு, ஒரு கைக்கு நோட்டீசு" என்றார் அவர், முழுக் கதையும் கேட்டுவிட்டு. சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டது. "இந்தா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு விரல் போனதுக்கு நீ எப்படிப் பொறுப்பு? நீ நல்லதுதானே செஞ்சே?"

"நான் செஞ்ச நல்லதை வெச்சுத்தானேங்க அவ கைய ஒடைக்கறாங்க."

அவர் தட்டைக் கழுவப் போனார். குழாயடியிலிருந்தே சொன்னார்: "வேலை போனா என் நட்சத்திரத்தை வெச்சுத்தான் குடும்பம் ஓடணும். நாலு புள்ளி ஆறு ஆயிட்டேன் நேத்திக்கு. கதவ வேகமா சாத்தினேனாம். சாத்தினது அவன்."

ஒத்திகையின் கடைசி வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கையில் பலகை போன்ற ஒரு கணினி. அந்தச் சிக்கனமான கையைப் படம் பிடித்து எல்லாக் கூடங்களிலும் பாடமாகக் காட்டப் போகிறார்கள். வந்த அரை மணியில் கூடம் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர் வைத்துவிட்டது. மரியாதையான பெண்தான். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள், சூப்பர்வைசருக்கும்கூட.

மாப்பிள்ளையின் மேசைக்கு எதிரே கேமராவை நிறுத்தினாள். "நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்குங்க சார். எப்பவும் போலப் பண்ணுங்க."

மாப்பிள்ளை அன்று வெள்ளைச் சட்டை. ஒரு பொருளை எடுத்தார், பிரித்தார், புரட்டினார். கணினித் திரையில் முப்பத்து நாலு என்று வந்தது. அடுத்தது முப்பது. அதற்கடுத்தது முப்பத்தைந்து.

"பதட்டப்படாதீங்க சார். அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிங்க. படத்துக்கும் நல்லாயிருக்கும்."

மாப்பிள்ளை குடித்தார். வெளிச்சம் சரியில்லை என்றாள், மறுபடி குடித்தார். பாட்டிலில் இருக்கும் எழுத்து தெரியவில்லை என்று சூப்பர்வைசர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறையும் குடித்தார். ஊழியர் நலத்தில் கம்பெனி இவ்வளவு அக்கறை காட்டிய நாள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

மணி ஒன்பது நாற்பது தாண்டியது. அளவுக்காரி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுதான் உங்க நேரம் சார். இப்ப வரும் பாருங்க" என்றாள்.

அவள் சொன்னது வேறு விதத்தில் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் கழுத்தில் வேர்வை இறங்குவதை நிதானம் பார்த்தாள். முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.  நாற்பத்தோரு பேரும் கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்தால் எங்கே போகிறார் என்ற பேச்சு. எழாவிட்டால், அந்த வெள்ளை இஸ்திரிச் சட்டையோடு, அந்த நாற்காலியில், எல்லாக் கூடங்களுக்குமான பாடத்தின் நடுவில்... நிதானத்தால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை. இடது கையை நீட்டினாள்.

மாப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"போயிட்டு வாங்கண்ணே" என்றாள், தினமும் சொல்கிற அதே குரலில்.

அவர் காப்பைக் கழற்றி அவள் கையில் வைத்தார். எழுந்தார். நூற்றெண்பது எட்டையும் நடந்துதான் போனார், ஓடவில்லை.

நிதானம் காப்பை மாட்டிக்கொண்டு அவருடைய மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்தாள். வலது கை பிரித்தது, உதறியது, மடித்தது. இடது கை ஒரு முறை காட்டியது, ஒரு முறை தள்ளியது. கூடத்தில் மற்ற எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. திரையில் நாற்பது பெயரும் சோம்பேறிகளாக மாறிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"ஆறு!" என்று கத்தினாள் அளவுக்காரி. அவள் கண் கணினியில்தான் இருந்தது. "வந்துடுச்சு சார்! மறுபடி ஆறு! ஏழு... ஆறு! இதேதான்! நிறுத்தாதீங்க சார், இப்படியே பண்ணுங்க!"

 அளவுக்காரி நிமிர்ந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. பாட்டில் மட்டும் கேமராவைப் பார்த்தபடி நின்றது.

"சார் எங்க?"

"பாத்ரூம்ல" என்றாள் நிதானம், வேலையை நிறுத்தாமல்.

"அப்ப இது யாரு கை?"

"என்னோடது மேடம். ஒரு வருஷமாவே என்னோடதுதான்."

அளவுக்காரி பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். படத்திலும் வரைபடத்திலும் அவள் ஆயிரம் கைகளைப் பார்த்திருப்பாள். நேரில் பார்ப்பது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

"இடது கை ஆறு அசைவுல முடிக்குதே, எப்படி?"

"வலது கை நாப்பத்தாறு பண்ணுதே மேடம். அதுக்கு ரெண்டு நோட்டீசும் வந்திருக்கு."

அளவுக்காரி கேமராவை அணைத்தாள். சூப்பர்வைசரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினாள்; பாட்டில் பக்கத்திலேயே இருந்தும் அவர் போனார். அவள் குரல் தாழ்ந்தது.

"அம்மா, அறிக்கை ஏற்கெனவே மேல போயிடுச்சு. என் பேர்ல போயிருக்கு. அதுல பிழைன்னு நானே எழுதணும். எழுதினா, நீங்க ரெண்டு பேரும் காப்பு மாத்தினதையும் எழுதணும். பதினோராம் பக்கம் தெரியுமில்ல?"

"படிச்சிருக்கேன்."

"நான் எதையும் பாக்கலேன்னு இப்படியே கிளம்பிடவும் முடியும்."

"கிளம்பினா முதல் தேதி எண்பத்தஞ்சு வந்துடும்."

அப்போது அவள் கையில் இருந்த கணினி நடுங்கியது. திரையில் ஒரு வரி: ஐந்து நிமிடமாக எந்தப் பதிவும் இல்லை. அளவுக்காரி அவசரமாக அதைத் தொட்டு அடக்கினாள்.

"உங்களையும் அளக்கறாங்களா?" என்றாள் நிதானம்.

"அளக்கறாங்க."

நிதானம் கடைசியாக மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்தாள். "அப்ப உங்களுக்குப் புரியும். எழுதுங்க மேடம். அந்த அண்ணன் எங்கே போனாருங்கறத மட்டும் எழுத வேண்டாம். எழுந்து போனார்னு போட்டாப் போதும்."

அளவுக்காரி எழுதினாள். நின்றுகொண்டே எழுதினாள். மாப்பிள்ளை திரும்பி வந்தபோது கூடம் முழுக்க மறுபடி வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் உட்கார்ந்தார். பக்கத்து மேசையிலிருந்து சுண்டெலி எழுந்து வந்து, துணி சுற்றிய கையால் அந்தப் பாட்டிலை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

முதல் தேதிக்கு முந்தின நாள் உத்தரவு வந்தது. 'தரவுப் பிழை காரணமாக' எண்பத்தைந்து நிறுத்தி வைக்கப்படுகிறது. மறு உத்தரவு வரும் வரை அறுபதே தொடரும். அந்தத் தரவுப் பிழைக்கு வயது நாற்பத்தொன்பது. அவள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். மாப்பிள்ளையையும் நீக்கியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய சிரித்த முகம் கம்பெனியின் ஆண்டறிக்கை அட்டையில் ஏறி, அச்சாகி, ஊர் ஊராகப் போய்விட்டது. அட்டையைத் திரும்பப் பெறுவதற்கு ஆகும் செலவை யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மனிதரை வைத்துக்கொள்வது மலிவாக இருந்தது. விலக்கு எதுவும் கொடுக்காமலே இலகு பணிக்கு மாற்றினார்கள். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பத்து வருஷக் கணக்கு மட்டும் அறுபடாமல் ஓடியது. அளவுக்காரி என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை வேறு ஆள் வந்தார்.

கடைசி நாள் நிதானம் மேசையைத் துடைத்தாள். சூப்பர்வைசர் அவள் காப்பைக் கழற்றி எடுத்தார். இனிமேல் கழற்ற முடியாத மாதிரி புதுக் காப்பு வரப் போகிறது என்றும் ரகசியமாகச் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆளில்லாத நேரங்களில். காப்பு போன இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த தடம் இருந்தது. கூடத்தில் எல்லோருக்கும் அந்தத் தடம் ஒரு கையில்தான். அவளுக்கு இரண்டிலும் இருந்தது.

சுண்டெலி அழுதாள். "அக்கா, இனிமே நான் எழுந்து போனா யாருக்கா துணிஞ்சு பிடிப்பா?" என்றாள்.  நிதானம் அவள் தலையைத் தடவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மாப்பிள்ளை கூட வந்தார். மேசையை விட்டு ஆறடி தாண்டியதுமே அவர் மணிக்கட்டில் காப்பு நடுங்கத் தொடங்கியது. அவர் நிற்கவில்லை. பாத்ரூமைத் தாண்டினார்கள். கம்பெனி வாசல் அதற்கும் அப்பால் இருந்தது.

"அண்ணே, அடிக்குதே. புள்ளி விழும்."

"விழட்டும்."

"இன்னைக்கு ஏற்கெனவே ரெண்டு விழுந்திருக்கும். மூணாவது சம்பளம்."

"தெரியும் தங்கச்சி."

வாசலில் புருஷனின் கார் நின்றிருந்தது. அன்றைக்குப் போன் கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் வந்திருந்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு வழக்கம்போல "தங்கச்சி..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நிதானத்தின் இடது கை தானாக நீண்டது. நீண்ட பிறகுதான் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அந்தக் கையில் வைத்தார். பிறகு திரும்பி, காப்பு நடுங்கிக்கொண்டிருந்த கையை வீசி, எந்த அவசரமும் இல்லாமல் உள்ளே நடந்துபோனார்.